அக்காவின் கண்ணீர்ச் சுரப்பிகள்

என் அக்கா தன் கணவனின் செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஊர் அப்படித்தான் சொன்னது. ஊர் சொன்னது பொய்யும் அல்ல. அன்று முழுவதும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவளுடைய கன்னங்கள் காய்ந்தே கிடந்தன. ஏன் என்று எனக்குத் தெரியும். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். கரும்பலகையில் படம் கீறி, அம்புக்குறி போட்டு, சுரப்பியின் எந்த இடத்தில் என்ன பிழைத்தது என்று விளக்கிக் காட்டுவேன். ஆனால் அந்த விளக்கத்தை நம்பவேண்டிய ஒரே ஒருவன் நம்பவில்லை. அவன் அக்காவின் மகன்.

பண்டத்தரிப்பில் அக்காவின் வீடும் என் வீடும் அடுத்தடுத்த வளவுகள். நடுவேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருக்கிறது. அதற்குள்ளால் கறிச்சட்டியும் ஊர்க்கதையும் போய்வரும். அக்காவும் அத்தானும் பிடிக்கிற சண்டைக்கு மட்டும் பொட்டுத் தேவையில்லை, நேராகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு பேருக்கும் நல்ல தொண்டை. பம்பை நிற்பாட்ட மறந்தது, தேத்தண்ணீருக்குச் சீனி கூடினது, கோயிலுக்குப் பிந்தினது என்று எல்லாவற்றுக்கும் சண்டை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் கதைக்கிற விதமே அதுதான். எனக்கு அது பழகிவிட்டது. அதற்குள் கோபம் இருப்பதாக நான் நினைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் வளர்ந்த ஒரே பிள்ளைக்கு அது வேறுவிதமாகக் கேட்டிருக்க வேண்டும். அவன் பிரான்சுக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது.

அத்தான் வெங்காயத் தோட்டக்காரர். ஒருநாள் அக்கா குசினி வாசலில் இருந்து பெட்டி நிறைய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த எனக்குக் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. அவள் சேலைத் தலைப்பைத் தொடவேயில்லை.

"இப்ப கொஞ்ச நாளாய் எனக்குத் தண்ணி வாறேல்லை பிள்ளை. எரியிறது மட்டுந்தான்" என்றாள், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

"வெங்காயக்காரன்ரை பெண்சாதியைக் கண்டு வெங்காயமே பயந்திட்டுது" என்று நான் சிரித்தேன்.

பிறகு புட்டுத் தொண்டையில் இறங்காமல் போனது. சொதியில் குழைத்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது. கண்ணுக்குள் மணல் கிடக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். நல்ல பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தை விழுந்தன. யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் அவளுடைய கண்ணிமைக்குள் ஒரு கடதாசித் துண்டைச் செருகி, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்தார். கடதாசி நனையவில்லை.

கண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர் என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். வெறும் உப்புத் தண்ணீர் கண்ணில் தங்காது. கிருமியைக் கொல்லும் புரதமும் வழுவழுப்பான சீதமும் அதில் சேரவேண்டும். இவற்றை உண்டாக்கி வெளியே அனுப்புவதற்கென்றே சுரப்பிக் கலங்கள் (செல்கள்) இருக்கின்றன. கலத்தின் அடிப்பக்கத்தில் புரதம் உருவாகும். உருவானவுடன் அது வெளியே போய்விட முடியாது. கலத்தின் கருவுக்கும் அதன் உச்சிக்கும் இடையில் கொல்கி உபகரணம் இருக்கிறது. தட்டையான பைகள் சில, தோசை அடுக்கினது போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்று வளைந்து கிடக்கும். கருவைப் பார்த்த பக்கம் வாங்குகிற பக்கம். புரதம் சின்னச் சின்னப் புடகங்களில், அதாவது சவ்வால் ஆன குமிழ்களில் ஏறி, அங்கே வந்து சேரும். பை பையாகக் கடந்து போகையில் சில துண்டுகள் வெட்டப்படும், சில சர்க்கரைகள் ஒட்டப்படும், எது எங்கே போவது என்று பிரிக்கப்படும். மறுபக்கத்தில் புதிய புடகங்களில் அடைபட்டு வெளியே வரும். அந்தப் புடகங்கள் கலத்தின் உச்சியில் போய்க் காத்து நிற்கும். நரம்பு கட்டளை கொடுத்ததும் கலத்தின் மென்சவ்வோடு ஒட்டி, வாய் திறந்து, உள்ளே உள்ளதைக் கொட்டிவிடும். கவலை வந்தாலும் தூசி விழுந்தாலும் நடப்பது இதுதான்.

பாடநூல்கள் இதற்குத் தபாற்கந்தோரை உதாரணம் சொல்லும். எனக்கு அந்த உதாரணத்தில் நம்பிக்கையில்லை. தபாற்கந்தோரில் கடிதத்தை உடைத்துத் திருத்தி எழுதுவதில்லையே. நான் அத்தானின் வெங்காயக் கொட்டிலைத்தான் சொல்வேன். தோட்டத்துப் பக்கத்தால் வெங்காயம் மண்ணோடு உள்ளே வரும். மண் உதறி, வேர் நறுக்கி, பெரிசு சின்னன் பிரித்து, பிடி பிடியாகக் கட்டிச் சாக்கில் போட்டு றோட்டுப் பக்கத்தில் அடுக்குவார்கள். லொறி வந்ததும் ஏற்றுவார்கள். ஒருமுறை பிள்ளைகளை நேரிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அத்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன ரீச்சர், நான் வேர்வை சிந்திக் கட்டின கொட்டிலுக்கு ஆரோ கொல்கி எண்ட இத்தாலிக்காரன்ரை பேரை வைச்சிருக்கிறீராம்?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா உள்ளேயிருந்து, "உந்தக் கதைக்குக் குறைச்சலில்லை, சாக்கைக் கட்டுங்கோ" என்று சத்தம் போட்டாள்.

நோயை உறுதிப்படுத்த அக்காவின் கீழுதட்டின் உட்பக்கத்திலிருந்து சின்னதாய் ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். உதட்டுக்குள் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தால் கண்ணீர்ச் சுரப்பிக்கு என்ன நடக்கிறது என்றும் ஊகிக்கலாமாம். அதைப் பரிசோதித்த வைத்தியர் என்னிடம் படித்த பிள்ளை. "ரீச்சர், நீங்களும் ஒருக்கால் பாருங்கோவன்" என்று நுணுக்குக்காட்டியை என் பக்கம் திருப்பினான்.

பார்த்தேன். சுரப்பிக் கலங்கள் வட்டம் வட்டமாக நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்று இங்கொன்றுதான் மிச்சம். மற்ற இடமெல்லாம் ஊதா நிறத்தில் வெண்குழியங்கள் கும்பல் கும்பலாக ஏறியிருந்தன. உடம்பைக் காக்க வேண்டியவை, உடம்பின் சுரப்பிக்குள்ளேயே புகுந்து அதை அழித்துக்கொண்டிருந்தன.

"இந்தக் கலத்தைப் பாருங்கோ ரீச்சர். கருவுக்குப் பக்கத்திலை வெளிறலாய் ஒரு இடம் தெரியுதெல்லோ? அதுதான் கொல்கி. நீங்கள் படிப்பிச்சது."

வருடா வருடம் கீறிய படம். புத்தகத்தில் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களைப் பார்த்திருக்கிறேனே தவிர, கண்ணால் கண்டது அன்றுதான். ஆனால் அது சுரப்பிக் கலம் அல்ல. பிளாஸ்மாக் கலம், கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைச் செய்து அனுப்புவது. நிறைய அனுப்புகிறபடியால் அதற்குக் கொல்கியும் பெரிது. அக்காவின் சொந்த உடம்புக்கு எதிரானதைப் பொதி கட்டி அனுப்பிக்கொண்டு அது அங்கே இருந்தது. "சனியன், எவ்வளவு நேர்த்தியாய் வேலை செய்யுது பார்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

குளிசையும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். மாறுகிற வருத்தமல்ல, சமாளிக்கக்கூடிய நோய்தான் என்றார்கள். அன்றிலிருந்து அத்தான் ஒரு தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் அக்காவை எங்கும் கூட்டிப்போனதில்லை. கலியாண வீட்டில் ஆண்கள் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, பெண்கள் இருக்கிற பக்கம் வந்து, "தண்ணியைக் குடி, விக்கிச் சாகப்போறாய்" என்று எல்லாருக்கும் கேட்க ஏசிவிட்டுப் போத்தலை வைத்துவிட்டுப் போவார். பார்த்தவர்களுக்கு ஏச்சு மட்டும்தான் நினைவில் நின்றது.

போன வருடம் ஒரு காலையில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன அத்தான் பம்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். பக்கத்துத் தோட்டத்தவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் பெண்கள் அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணும் நேரே போய்ச் செத்தவரின் மனைவியைக் கட்டிப்பிடிப்பாள். இரண்டு பேரும் கழுத்தோடு கழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சேர்ந்து அழுவார்கள். அடுத்தவள் வரும்வரை அது ஓயாது. அன்று அக்காவை அப்படி எத்தனை பேர் கட்டிப்பிடித்தார்களோ தெரியாது. அவளும் அழுதாள். "என்னைத் தனிய விட்டிட்டுப் போயிட்டியளே" என்று அவள் வைத்த குரல் ஒழுங்கை முனைவரை கேட்டது. ஆனால் வாயில் ஈரமில்லாதவளின் குரல் எவ்வளவு நேரம் நிற்கும்? கொஞ்ச நேரத்திலேயே அடைத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தபடி, சத்தமும் இல்லாமல் ஈரமும் இல்லாமல், உடம்பு மட்டும் குலுங்கக் குலுங்க இருந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். விலா எலும்புகள் என் கைக்குள் உதறின. அப்படி ஒரு அழுகையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

வீடியோக்காரர் நின்றார். இப்போது வீடியோ இல்லாத செத்தவீடு இங்கே இல்லை. பாதிக் குடும்பம் வெளிநாட்டில், அவர்களுக்கு நேரலையாகப் போகவேண்டும். அவர் இரண்டு மூன்று தரம் என்னிடம், "ரீச்சர், கொஞ்சம் விலத்துங்கோ, அம்மாவின்ரை முகம் மறையுது" என்றார். பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பான் என்று நானும் விலத்திக் கொடுத்தேன். கமெரா அக்காவின் முகத்துக்குக் கிட்டக் கிட்ட வந்தது. வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் ஐயரின் குரல். பாரிசில் ஒரு அறையில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம், காய்ந்த முகத்தோடு வாயைத் திறந்தபடி வெறித்துப் பார்க்கும் ஒரு பெண். முதுகு அவனுக்குத் தெரியாது.

கொள்ளி வைத்தது அத்தானின் தமையன் மகன்.

ஆண்கள் சுடலைக்குப் போன பிறகு நான் கிணற்றடிக்குப் போனேன். தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நான் வந்ததைக் காணவில்லை.

"என்ரை கன்னந்தான் நனைஞ்சது. அவவின்ரை கன்னத்திலை ஒரு பொட்டு ஈரமில்லை."

"கண்ணைக் கசக்கிச் சிவப்பாக்கி வைச்சிருக்கிறா. ஒவ்வொரு நாளும் சண்டை பிடிச்ச மனுசன் போனால் அழுகை வருமே?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். அது ஒரு வருத்தம், கண்ணீர்ச் சுரப்பி பழுதாகிவிட்டது, வெங்காயம் உரித்தாலும் அவளுக்கு வராது, எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்றேன். "ஓம் ரீச்சர், பாவம்தானே" என்றார்கள். நீரிழிவு என்றால் விளங்கும், பிறஷர் என்றால் விளங்கும். அழ முடியாத வருத்தம் என்றால் நான் அக்காவுக்காகக் கட்டின கதை என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கும். கழுவி முடித்து அவர்கள் படலை தாண்டும்போதே சிரித்த சத்தம் கேட்டது.

ஊரை விடலாம். ஊர் இரண்டு மாதம் கதைக்கும், பிறகு வேறு ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். மகனைத்தான் விட முடியவில்லை. எட்டுச் செலவுச் சடங்கன்று தொலைபேசியில் எடுத்துக் கதைத்தான். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டான், வைத்துவிட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எடுக்கவில்லை. அக்கா எடுத்தால் வேலையில் நிற்கிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்புவான். பிறகு அந்த வரியும் நின்றது. நான் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"சித்தி, ஒண்டு கேக்கிறன். அம்மா ஏன் அழேல்லை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுரப்பி, வெண்குழியம், நுணுக்குக்காட்டியில் நான் கண்ணால் பார்த்த கண்ணாடி வழுக்கி, ஒன்றும் விடவில்லை. போதாதென்று ஒரு தாளில் படம் கீறி, கொல்கியையும் புடகங்களையும் குறித்து, படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். உயர்தரத்தில் அவனும் என்னிடம் படித்தவன்தான்.

"எனக்குப் பாடம் எடுக்காதேங்கோ சித்தி. அம்மாவுக்குக் கண் காயிற வருத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதுக்குச் சொட்டு மருந்து விடுறவ. கண் காயிறதுக்கும் கவலைக்கும் என்ன சம்பந்தம்? மனசிலை கவலை வந்தால் கண்ணீர் வரும்தானே?"

"வராதடா. வாற வழி அடைபட்டுப் போச்சு."

"நான் இஞ்சை தனிய இருந்து ஃபோனைப் பாத்துப் பாத்து அழுதனான். எனக்கு வந்தது. கொள்ளி வைக்கத்தான் நான் இல்லை. அழக்கூட ஒருத்தரில்லாமல் போயிட்டார் எங்கடை அப்பா."

அவன் சொன்னது பிழை என்று ஆயிரம் காரணம் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கமுடியாத பிள்ளை அழுகிற அழுகைக்கு முன்னால் அந்தக் காரணங்கள் எல்லாம் பரீட்சைக்குப் படித்த பாடமாகத்தான் இருந்தன. தொலைபேசியை வைத்துவிட்டு அவன்மேல் கோபப்பட்டேன். அவனுக்காகவும் கவலைப்பட்டேன்.

அக்கா அவனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "அவனுக்கு ஆரோடையாவது கோவிக்க வேணும் பிள்ளை. செத்தவரோடை கோவிக்க ஏலாது. என்னோடை கோவிக்கட்டும்" என்றாள். ஆனால் கைத்தொலைபேசி அவள் கையை விட்டு இறங்கவில்லை. சமைக்கும்போது அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பாள். குளிக்கப் போனால் கிணற்றுக் கட்டில் வைப்பாள், நனைந்துவிடும் என்று நான் ஏசுவேன். யாருடையதோ எடுப்பு வந்தால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மெதுவாகக் காதில் வைப்பாள். உடம்பு இளைத்துக்கொண்டு போனது. அத்தான் இல்லாத வீட்டைவிட மகன் கதைக்காத வீடுதான் அவளைத் தின்றது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதற்குள் அவளுடைய வலது கண் கலங்கி, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனது. கிளினிக்கில் வைத்தியர் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியின் மேல் கீறல் விழுந்து புண்ணாகியிருந்தது.

"ஈரமில்லாத கண்ணோடை அழுது, துடைச்சுத் துடைச்சுத்தான் இப்பிடி வந்தது. இனி அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ ரீச்சர். இல்லாட்டில் பார்வை போயிடும்."

வாசலில் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பல்ல. ஊர் அழவில்லை என்கிறது, பெற்ற பிள்ளை அழவில்லை என்கிறான், வைத்தியர் அழாதே என்கிறார். "இதை நான் அவனுக்குச் சொல்லப்போறன்" என்றேன். அக்கா என் கையைப் பிடித்தாள். "வேண்டாம். அம்மாவைக் குருடாக்கிப் போட்டன் எண்டு அவன் அங்கை கிடந்து அழுந்துவான்." மருந்துக்கடையில் தடிப்பான ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். செயற்கைக் கண்ணீர் என்று பெயர். அவளுடைய கை நடுங்குகிறபடியால், பாடசாலை விட்டு வந்ததும் பொட்டுக்குள்ளால் போய் நான்தான் விட்டேன்.

அந்தத் தவணையில் கொல்கிப் பாடம் வந்தது. படம் கீறி முடித்து, எப்போதும் போலக் கொட்டில் உதாரணத்தைத் தொடங்கியவள், அத்தானின் கொட்டில் பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்து, தபாற்கந்தோர் என்று சொல்லிச் சமாளித்தேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பினாள். "ரீச்சர், கொல்கி அனுப்பாமல் விட்டால், கலம் உள்ளுக்குச் செய்து வைச்ச சாமானெல்லாம் என்ன ஆகும்?" நல்ல கேள்வி. வேறு நாளாக இருந்தால் பாராட்டியிருப்பேன். "உள்ளுக்கே தேங்கும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். மிச்சத்தை அடுத்த நாள்தான் முடித்தேன்.

வருடம் நிறைகிற அத்தானின் ஆட்டைத் திவசம் கிட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் அக்காவைக் கதிரையில் இருத்தி, முகத்தை நிமிர்த்திப் பிடித்து மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அவள் மடியில் கிடந்த தொலைபேசி திடீரென்று அடித்தது. துடித்து நிமிர்ந்ததில் மருந்து கூடிப்போய் விழுந்து, இரண்டு கன்னத்திலும் வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, தொலைபேசியைத்தான் பார்த்தாள். மகன். முகம் பார்த்துக் கதைக்கிற எடுப்பு. துடைக்கவும் நேரமில்லாமல் அழுத்திவிட்டாள்.

திவசத்துக்கு ஐயருக்கு யார் சொன்னது என்று கேட்கத்தான் அவன் எடுத்திருந்தான். கேள்வியைத் தொடங்கியவன் பாதியில் நின்றான்.

"அம்மா... அழுறீங்களோ?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கமெராவுக்குத் தெரியாமல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"ஓமடா தம்பி."

"அப்பாவை நினைச்சோ?"

"ஓம் ராசா."

அவன் அழத் தொடங்கினான். வளர்ந்த ஆம்பிளை, தாடி வைத்த முகம், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். "அண்டைக்கு ஏனம்மா அழேல்லை? எல்லாரும் அழுதவை. நீங்கள் மட்டும் ஏனம்மா அழேல்லை?"

சொல்லு, சொல்லு என்று எனக்குள் கத்தினேன். இப்போது சொன்னால் கேட்பான்.

"அண்டைக்கு எனக்கு வரேல்லையடா" என்றாள் அக்கா. "மனம் கல்லாய்ப் போச்சு. இப்பதான் வருது. அம்மாவை மன்னிச்சுக்கொள் அப்பன்."

"ஐயோ, அழாதேங்கோ அம்மா. நான்தான் பிழை. அழாதேங்கோ."

அன்று அவர்கள் வெகுநேரம் கதைத்தார்கள். அவன் வேலை செய்கிற கடை, அறையில் கூட இருப்பவர்கள், புட்டவிக்கப் பழகினது, எல்லாம் சொன்னான். அக்கா சிரித்தாள். உண்மையில் அவள் அன்று அழவேயில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சந்தோசத்தைக் கண்டேன். அந்தச் சந்தோசத்தின் மேல்தான் மருந்து வழிந்துகொண்டிருந்தது, மகனோ அழாதேங்கோ அழாதேங்கோ என்று தேற்றிக்கொண்டிருந்தான்.

எடுப்பு முடிந்ததும் நான் பொரிந்து தள்ளினேன்.

"உனக்கென்ன விசரே? செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேக்கிறாய். கண் புண்ணாகிற அளவுக்கு அழுதவள், அழேல்லை எண்டு உன்ரை வாயாலையே சொல்லுறாய்! இனி அவன் சாகும்வரைக்கும் அதைத்தானே நம்புவான்?"

"நம்பட்டும்."

"அது பொய்யெல்லோ அக்கா!"

"உண்மையை நீ சொன்னனீதானே. படமும் கீறி அனுப்பினனீ. அதுக்கு அவன் வந்தவனே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "அவனுக்குக் கண்ணாலை காண வேணும். கண்டிட்டான். எனக்கு என்ரை பிள்ளை காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

படிப்பித்துப் படிப்பித்தே காலம் போனவளுக்கு, விளங்கினால் மனம் மாறும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சிறங்கையில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் அடுப்பு மூட்டப் போனாள்.

அடுத்த ஞாயிறும் எடுப்பேன் என்று அவன் சொல்லியிருந்தான். அன்று நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கமிருந்து, "பிள்ளை, ஒருக்கால் வந்திட்டுப் போ" என்று அக்காவின் குரல் கேட்டது. மருந்து விடுகிற நேரம் அல்ல. போனபோது அவள் நல்ல சேலை கட்டி, தலை இழுத்து, கதிரையில் தயாராக இருந்தாள். தொலைபேசியை எதிரே மேசையில், ஒரு தம்ளரில் சாத்தி நிறுத்தியிருந்தாள். மருந்துப் போத்தலை என் கையில் தந்து முகத்தை நிமிர்த்தினாள். ஒரு கண்ணுக்கு ஒன்று, மறு கண்ணுக்கு ஒன்று விட்டேன்.

"வழியுதோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப இன்னும் ஒரு சொட்டு விடு."

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நான் விட்டேன். கன்னத்தில் இறங்கினதைத் துடைக்காமல் அவள் முன்னால் குனிந்து எடுப்பை அழுத்தினாள். "அம்மா" என்று அவன் குரல் வந்தது. அவன் பார்வையில் படாமல் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்குக் கண்ணீர் வேண்டியமட்டும் வந்தது.